அத்தியாயம் 4: மூன்று தோற்றங்களையும் சேர்த்தே வளர்ப்பது

படம் வரையவே வராது என்று சொல்லிக்கொண்டு ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்பவர்கள் இந்தப் பாடத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உண்மையில், நன்றாக ஓவியம் வரைபவர்கள்தான் ஆரம்பத்தில் திணறுவார்கள். மேசை ஒன்றை வரையச் சொன்னால் அவர்கள் கை பழக்கத்தில் பின்கால்களைச் சிறிதாக்கிவிடும். பலகையின் இரண்டு பக்கங்களும் தூரம் போகப் போக நெருங்கிவிடும். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்து தச்சர் மேசை செய்தால் அது நிற்காது. நாம் வரையப்போகும் படத்தில் தூரம் எதையும் சுருக்காது. முன்கால் 700 மில்லிமீட்டர் என்றால் பின்காலும் 700தான்.

இதற்காக, கண்ணிலிருந்து விரிந்து செல்லும் பார்வைக் கோடுகளை மறந்துவிட்டு, எல்லாப் பார்வைக் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் தாளுக்குச் செங்குத்தாகவும் வருவதாக வைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் ஏப்ரலில் ஒரு நாளும், ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது ஒரு பெட்டியைக் கிடையாகப் பிடித்தால் தரையில் விழும் நிழல்தான் அதன் மேல் தோற்றத்தின் எல்லைக்கோடு. உயர்த்திப் பிடித்தாலும் தாழ்த்திப் பிடித்தாலும் நிழலின் அளவு மாறாது. நிழலுக்கு உள்விவரம் கிடையாது, நம் படத்துக்கு உண்டு; வித்தியாசம் அவ்வளவே.

இந்த நூலில் முகப்புத் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் என்று எழுதியிருக்கிறேன். வகுப்பிலும் பட்டறையிலும் உங்கள் காதில் விழப்போவது எலிவேஷன், பிளான், சைடு வியூ. எதைச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்.

பெரும்பாலான வகுப்புகளில் மாணவர்கள் செய்வது இது: முகப்பை முதலில் முழுதாக வரைந்து, கோட்டை அழுத்தி முடித்து, பிறகு மேல் தோற்றத்துக்குப் போவார்கள். அதையும் முடித்துவிட்டுப் பக்கத் தோற்றத்தில் கை வைப்பார்கள். அங்கேதான் சிக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு தோற்றத்தையும் தனிப் படமாக நினைத்தால், மனதில் பொருளை மூன்று முறை புதிதாகத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தச் சுமை தேவையே இல்லை. பொருளின் ஒரு பகுதியை எடுத்து, அதை மூன்று இடத்திலும் வைத்துவிட்டு, அடுத்த பகுதிக்குப் போனால் ஒரு தோற்றமே அடுத்த தோற்றத்தை வரைந்து கொடுத்துவிடும். இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

ஒரு பொருளை இப்படிப் பல தோற்றங்களாக வரைவதை ஒழுங்கான கணிதமாக்கியவர் பிரான்சின் போன் நகரில் 1746-இல் பிறந்த காஸ்பார் மோன்ஜ். கொத்தனார்களும் தச்சர்களும் அதற்கு முன்பே மேலிருந்தும் முன்னிருந்தும் வரைந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட நூலிலும் இப்படிப்பட்ட ஜோடிப் படங்கள் உண்டு. மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை பார்த்த இளம் மோன்ஜிடம், கோட்டைச் சுவர் எதிரியின் குண்டுக்கு மறைவாக இருக்க எவ்வளவு உயரம் தேவை என்று கண்டுபிடிக்கும் வேலை வந்தது. நீண்ட கணக்குப் போட வேண்டிய வேலை அது. அவர் வரைந்தே விடையைக் கொண்டுவந்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் அதைச் சரிபார்க்கவே மறுத்தார். பயன் புரிந்ததும் அந்த முறை ராணுவ ரகசியமாகிவிட்டது. 1795-இல் பாரிஸில் மோன்ஜ் நடத்திய சொற்பொழிவுகளுக்குப் பிறகுதான் அது வெளியுலகுக்கு வந்தது. ஒரு நிமிர்ந்த தளம், ஒரு கிடைத்தளம், இரண்டிலும் பொருளின் வீழ்ச்சி, பிறகு கிடைத்தளத்தை மடித்து இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவருதல் என்பதே அவருடைய அடிப்படை. இன்று நாம் போடும் எக்ஸ்-ஒய் கோடு அந்த மடிப்பின் கோடுதான்.

வரையப்போகும் பொருள்

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றை வரைந்து பார்ப்போம். எளிய எல் பிராக்கெட் ஒன்று. எல்லா அளவும் மில்லிமீட்டரில். அடித்தட்டு இடமிருந்து வலம் 80, முன்னிருந்து பின் 50, கனம் 15. தட்டின் இடது ஓரத்தில் ஒரு சுவர் எழுகிறது: கனம் 15, தரையிலிருந்து மொத்த உயரம் 60, முன்பின்னாக முழு 50. அந்தச் சுவரின் உச்சியில், நம்மைப் பார்த்திருக்கும் முன்மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. உச்சியிலிருந்து 20 கீழே, முன்முகத்திலிருந்து 20 உள்ளே. தட்டில் 20 விட்டமுள்ள துளை ஒன்று கீழ்வரை போகிறது. அதன் மையம் இடது ஓரத்திலிருந்து 50, முன்முகத்திலிருந்து 25.

தாளைத் தொடும் முன் இதைக் கையில் பிடிக்கும்படி செய்துகொள்ளுங்கள். சலவை சோப்பில் வெட்டலாம், களிமண்ணில் பிடிக்கலாம், தெர்மாகோலில் ஒட்டலாம். இது சின்னப் பிள்ளை வேலை என்று நினைப்பவர்கள்தான் தேர்வு மண்டபத்தில் அழிப்பானைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

எந்தப் பக்கம் முகப்பு? பொருளின் அடையாள வடிவம் எங்கே தெரிகிறதோ, மறைந்த விளிம்பைக் காட்டும் மறைகோடு எங்கே குறைவோ, அந்தப் பக்கம். இங்கே 'எல்' என்ற வடிவம் முன்னால் நின்றால்தான் தெரிகிறது. எனவே அதுவே முகப்பு.

பக்கத் தோற்றத்தை இடமிருந்து பார்ப்பதா, வலமிருந்து பார்ப்பதா? பலர் யோசிக்காமல் இடப்பக்கத் தோற்றம் என்று எழுதிவிடுவார்கள். இடமிருந்து பார்த்தால் சுவர் முழுவதும் முன்னால் நின்று அடித்தட்டை மறைத்துவிடும். தட்டின் மேல்விளிம்பை விட்டுவிட்டுக் கோடாகத்தான் காட்ட முடியும். வலமிருந்து பார்த்தால் அதே விளிம்பு நேராகக் கண்ணுக்குத் தெரியும், முழுக்கோடாக வரும். கேள்வித்தாளில் வேறு மாதிரிக் கேட்காதவரை வலமே சிறந்தது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு பள்ளி, கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி. 46 முதற்கோண முறையைச் சொல்கிறது. அதில் பொருள் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கிறது. வலமிருந்து பார்த்தது பொருளைத் தாண்டி இடப்பக்கத் தளத்தில் விழும். மேலிருந்து பார்த்தது கீழே விழும். ஆகவே மேல் தோற்றம் முகப்புக்குக் கீழே வரும். வலப்பக்கத் தோற்றம் முகப்புக்கு இடப்பக்கம் வரும்.

கோடு போடுவது

ஏ3 தாள் 420-க்கு 297. நம் மூன்று தோற்றங்களும் நடுவில் 40 இடைவெளி விட்டால் 170 அகலம், 150 உயரத்துக்குள் அடங்கும்; முழு அளவிலேயே தாராளமாக வரையலாம். 2எச் பென்சிலை எடுங்கள். அழுத்தாதீர்கள். இப்போது போடும் கோடுகள் கையை நீட்டிப் பிடித்தால் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும்.

எக்ஸ்-ஒய் கோட்டைப் போட்டு, அதற்கு மேலே 20 விட்டு முகப்புக்கான பெட்டி: 80 அகலம், 60 உயரம். கீழே 20 விட்டு மேல் தோற்றத்துக்கான பெட்டி: 80-க்கு 50. முகப்புக்கு இடப்பக்கம் 20 தள்ளி ஒரு நிமிர்ந்த கோடு, அதற்கு அப்பால் இன்னொரு 20 விட்டுப் பக்கத் தோற்றத்துக்கான பெட்டி: 50 அகலம், 60 உயரம். நிமிர்ந்த கோடும் எக்ஸ்-ஒய் கோடும் வெட்டும் புள்ளியிலிருந்து இடது கீழ்ப்பக்கமாக 45 டிகிரியில் ஒரு சாய்கோடு. மேல் தோற்றத்தில் உள்ள முன்பின் அளவு எதையும் கிடையாக இந்தச் சாய்கோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நேர் மேலே ஏற்றினால் பக்கத் தோற்றத்தில் அதன் இடம் வந்துவிடும். டிவைடரால் அளந்து மாற்றுவதும் சரிதான். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் சாய்கோடு நல்லது. தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதற்கோண முறையில் பொருளின் முன்பக்கம் எப்போதும் முகப்புத் தோற்றத்தைவிட்டு விலகி இருக்கும். மேல் தோற்றத்தில் முன்விளிம்பு என்பது அடிக்கோடு. எக்ஸ்-ஒய் கோட்டின் அருகில் இருப்பது பின்விளிம்பு. நம் பக்கத் தோற்றத்தில் முன்விளிம்பு இடக்கோடி. இது தலைகீழானால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வீண்.

முதலில் அடித்தட்டின் கனம். டிராஃப்டரைக் கிடையாக வைத்து, அடியிலிருந்து 15 உயரத்தில் முகப்பிலும் பக்கத் தோற்றத்திலும் ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். அடுத்து சுவரின் கனம்: இடமிருந்து 15-இல் நிமிர்ந்த கோடு, முகப்பிலும் மேல் தோற்றத்திலும் சேர்த்து. முகப்பில் அந்தக் கோடு தட்டின் மேல்விளிம்போடு நின்றுவிடும். மேல் தோற்றத்தில் முழு 50-க்கும் ஓடும். இரண்டே இழுப்பில் 'எல்' வந்துவிட்டது.

இனி சாய்வெட்டு. இதன் நான்கு மூலைகளுக்கும் எண் கொடுப்போம். முன்முகத்தில், 40 உயரத்தில், சுவரின் இடது ஓரம் 1, வலது ஓரம் 2. உச்சியில், 20 உள்ளே, வலது ஓரம் 3, இடது ஓரம் 4. எண்களை மேல் தோற்றத்தில் அப்படியே எழுதுங்கள். முகப்பில் எண்ணுக்கு மேல் ஒரு சிறு கோடு, பக்கத் தோற்றத்தில் இரண்டு சிறு கோடு. இந்திய வகுப்புகளில் பழகிய முறை இது.

இந்தச் சரிவு தன் உண்மையான சாய்வோடு தெரிவது பக்கத் தோற்றத்தில் மட்டுமே. எனவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெட்டியின் இடது மேல்மூலையிலிருந்து 20 கீழே ஒரு புள்ளி, 20 வலப்பக்கம் ஒரு புள்ளி, இரண்டையும் இணையுங்கள். கீழ்ப்புள்ளியில் 1-ம் 2-ம் ஒன்றன்மேல் ஒன்று. மேற்புள்ளியில் 3-ம் 4-ம். கீழ்ப்புள்ளியிலிருந்து கிடையாக முகப்புக்குப் போனால் 40 உயரத்தில் 1, 2 கிடைக்கும். சுவரின் அகலத்துக்கு மட்டும், அதாவது 15 நீளத்துக்கு ஒரு கோடு. மேற்புள்ளியை நேர் கீழே சாய்கோட்டுக்கு இறக்கி, அங்கிருந்து கிடையாக மேல் தோற்றத்துக்குக் கொண்டுபோனால் முன்விளிம்பிலிருந்து 20 தள்ளி 3, 4 கிடைக்கும். அங்கும் 15 நீளக் கோடு. முகப்பிலும் மேல் தோற்றத்திலும் வரும் அந்தச் சின்னக் கோடுகளைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். எண் போட்டவர்கள் விடமாட்டார்கள்.

துளையை மேல் தோற்றத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் அங்கேதான் அது வட்டம். மையக்கோடுகள் இரண்டையும் முதலில் போட்டு, பிறகு காம்பஸ். வட்டத்தின் இடது, வலது ஓரங்களை நேர் மேலே ஏற்றினால் முகப்பில் 40-இலும் 60-இலும் இரண்டு மறைகோடுகள், தட்டின் கனத்துக்குள் மட்டும். முன், பின் ஓரங்களைச் சாய்கோடு வழியாக எடுத்துப்போனால் பக்கத் தோற்றத்தில் முன்விளிம்பிலிருந்து 15-இலும் 35-இலும் இன்னும் இரண்டு. மையக்கோடு மூன்று தோற்றங்களிலும் வேண்டும்.

தளங்களை வைத்துச் சரிபார்ப்பது

பென்சிலை அழுத்தும் முன் ஒரு சோதனை. எந்தத் தட்டையான தளமாக இருந்தாலும் ஒரு தோற்றத்தில் அது இரண்டில் ஒரு வழியில்தான் தெரியும்: விளிம்புப் பார்வையில் ஒரு நேர்கோடாக, அல்லது அதே எண்ணிக்கை மூலைகள் கொண்ட ஒரு பரப்பாக. நான்கு மூலைத் தளம் இன்னொரு தோற்றத்தில் ஐந்து மூலையாகாது. 'எல்' வடிவத் தளம் சாய்ந்தாலும் ஒடுங்கிய 'எல்'லாகத்தான் வரும்.

நம் சாய்வெட்டைப் பாருங்கள். முகப்பில் 15-க்கு 20 செவ்வகம். மேல் தோற்றத்திலும் 15-க்கு 20 செவ்வகம். பக்கத் தோற்றத்தில் 28.3 நீளமுள்ள கோடு. சரியாக வந்திருக்கிறது. ஆனால் அதன் உண்மையான வடிவம் 15-க்கு 28.3, மூன்று தோற்றங்களில் எதிலும் அது இல்லை. தளம் தாளுக்கு இணையாக இருந்தால்தான் உண்மை வடிவம் தெரியும், சாய்ந்தால் சாய்ந்த திசையில் சுருங்கும். 45 டிகிரி சாய்வில் 28.3 நீளம் 20 ஆகிவிட்டது. முகப்பில் ஸ்கேலை வைத்து 20 என்று அளந்து தகடு வெட்டினால் துண்டு பற்றாது. சரிவுக்கு நேரெதிரே நின்று பார்க்கும் துணைத் தோற்றம் எதற்கு என்பது இதிலிருந்து புரியும். அதை ஆறாம் அத்தியாயத்தில் பார்க்கலாம்.

இப்போது எச் பென்சில். தெரியும் விளிம்புகள் தடித்த முழுக்கோடு. மறைந்தவை மெல்லிய விட்டுவிட்டுக் கோடு. மையக்கோடு மெல்லிய சங்கிலிக் கோடு. தடித்தது மெல்லியதைப்போல இரண்டு மடங்கு. ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் விழுந்தால் தெரியும் விளிம்புக்கு முதல் உரிமை, அடுத்து மறைகோடு, கடைசியில் மையக்கோடு. தட்டையான பக்கம் வளைவோடு வழுவழுப்பாகச் சேரும் இடத்தில் கோடு போடக்கூடாது. அங்கே விளிம்பே இல்லை. மூலையை உருட்டிய பிராக்கெட்டை வரையும்போது இந்தத் தவறு அடிக்கடி வரும். அளவு குறிப்பது தனி அத்தியாயம். எழுத்துக்கு எச்.பி. பென்சில் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

முதற்கோணமா, மூன்றாம் கோணமா

அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களின் படங்கள் மூன்றாம் கோண முறையில் வரும். அதில் தளம் உங்களுக்கும் பொருளுக்கும் நடுவில், கண்ணாடித் தாள் போல நிற்கிறது. மேலிருந்து பார்த்தது மேலேயே இருக்கும், வலமிருந்து பார்த்தது வலத்திலேயே இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் மனிதருக்கு இயல்பானது. ஆனாலும் இங்கே தேர்வும் தரமும் முதற்கோணத்தில் இருப்பதால் அதைப் பழகாமல் முடியாது. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ வேலைக்குப் போனால் இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம், நான்காம் கோணங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். தளத்தை மடித்தால் அவற்றில் முகப்பும் மேல் தோற்றமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், அதனால் யாரும் பயன்படுத்துவதில்லை.

படத்தின் மூலையில் தலைப்புக் கட்டத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும்: நுனி வெட்டிய கூம்பும், அருகில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களும். வட்டங்கள் கூம்பின் அகலமான பக்கத்தை ஒட்டி இருந்தால் முதற்கோணம். குறுகிய பக்கத்தை ஒட்டி இருந்தால் மூன்றாம் கோணம். இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாலும் இந்த விதி தவறாது.

குறியைப் பார்க்காமல் வேலை தொடங்கினால் என்ன ஆகும்? நம் பிராக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வைத்த படத்தை ஒருவர் மூன்றாம் கோணமாகப் படித்தால் அது அவருக்கு இடமிருந்து பார்த்த தோற்றம்; அதில் முன்விளிம்பு வலக்கோடியாகிவிடும். சாய்வெட்டை முன்மூலையில் போடாமல் பின்மூலையில் போட்டுவிடுவார். அளவெல்லாம் சரியாக இருக்கும், கேஜ் தேறும், ஆனால் உருப்படி இட-வலம் மாறிப்போயிருக்கும். திருப்பி வைத்தும் பொருத்த முடியாது. நிதானமாகப் படிப்பவர், வெட்டு பின்னால் என்றால் முகப்பில் 40 உயரத்துக் கோடு ஏன் முழுக்கோடாக இருக்கிறது என்று கேட்டுவிடுவார். ஒரு தோற்றத்தை வைத்து இன்னொன்றை விசாரிக்கும் பழக்கம் இதுதான்.

இப்போது கணினியில் மாடலைக் கட்டிவிட்டால் மூன்று தோற்றங்களும் ஒரு சொடுக்கில் வந்துவிடுகின்றன. எந்தப் பக்கம் முகப்பு, வலமா இடமா, இரண்டு தோற்றம் போதுமா என்பதை அது உங்களிடமே விட்டுவிடும். நேரான ஒரு தண்டுக்கு மூன்று தோற்றம் போட்டு அனுப்பும் படங்களைப் பட்டறையில் பார்க்கலாம். விட்டக் குறியோடு ஒரு தோற்றமே போதுமானது.

பயிற்சி

சலவை சோப்பில் ஒரே அளவுள்ள மூன்று கனசதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதை, மேல் முன்விளிம்பு போய்விடும்படி, மேல் பின்விளிம்பிலிருந்து அடி முன்விளிம்புவரை சாய்வாக வெட்டுங்கள். மூன்றாவதில் அதே இரண்டு விளிம்புகளுக்கு நடுவே வெளிப்புறம் புடைத்த கால்வட்டமாகச் செதுக்குங்கள். மூன்றுக்கும் முகப்பும் மேல் தோற்றமும் வரையுங்கள். ஆறு படங்களும் உள்ளே கோடில்லாத ஒரே சதுரம். பக்கத் தோற்றம் மட்டும் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்று மாறும். இரண்டு தோற்றம் போதும் என்று எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்பது இதைச் செய்தால் விளங்கும்.

அடுத்தது கொஞ்சம் கடினம். மேலிருந்து வட்டம், முன்னிருந்து சதுரம், பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தெரியும் பொருளைச் செதுக்குங்கள். விட்டமும் உயரமும் சமமான உருளையில் தொடங்கலாம். முடித்த பின் மேல் தோற்றத்தில் வட்டத்தின் நடுவே ஒரு விட்டக்கோடு வர வேண்டும். வராவிட்டால் உச்சி விளிம்பை மறந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, முதல் பயிற்சியின் கோடில்லாச் சதுரங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு நான்காவது விடை ஒன்றைத் தேடுங்கள். கால்வட்டத்தை உள்ளே குழியும்படி செதுக்கினால் அது விடையாகும். படிக்கட்டு மாதிரி வெட்டினால் விடையாகாது: படியின் விளிம்பு முகப்பில் ஒரு கிடைக்கோடாகத் தெரியும், சதுரம் வெறுமையாக இருக்காது.